கல்வராயன் மலையாளிகள்: மரபே சான்று, பேச்சே ஆவணம்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. தலித் மக்கள் செறிந்து வாழும் கூலித் தொழிலாளர் குடியிருப்பு அது. அடுத்த சில நாட்களில் காவல்துறையின் தேடுதல் வேட்டை கல்வராயன் மலைமீது ஏறியது. மெத்தனால் தொழிற்சாலைகளில் உண்டாக்கப்படும் வேதிப்பொருள். மலையோடைக் கரையில் ஊறல் போடும் பானையில் அது பிறப்பதில்லை. ஆயினும் அடிவாரத்துச் சாவுக்கு மலையின் பெயரே முதலில் சொல்லப்பட்டது. ஒடுக்கப்பட்ட ஒரு மக்கள் பிரிவின் துயரத்துக்கு ஒடுக்கப்பட்ட இன்னொரு பிரிவையே குற்றவாளியாக்கி நிறுத்துவது அதிகாரத்துக்குப் பழகிய வழி.

அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் சமூக, பொருளாதார நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. அதன்பின் சில மாதங்கள் மலை பேசப்பட்டது, பிறகு மறக்கப்பட்டது. அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் மரபு, பள்ளி, நிலம், வாக்கு குறித்த அடிப்படைச் செய்திகளைச் செயற்பாட்டாளர்களுக்கும் மாணவர்களுக்கும் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். தொகுக்கும்போது ஒரு வாதமும் முன்வைக்கப்படுகிறது: இம்மக்களின் மரபு வேடிக்கை பார்ப்பதற்குரிய காட்சிப்பொருளன்று, சட்டத்தின் முன் நிற்கக்கூடிய சான்று. அந்தச் சான்றை எழுதிவைக்கும் வேலை இன்னும் முடியவில்லை.

மலையும் மாவட்டமும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து ஏறினால் வெள்ளிமலை வருகிறது. கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு முதலிய ஊர்கள் இப்பக்கத்தைச் சேர்ந்தவை. கருமந்துறை உள்ளிட்ட மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. மலை ஒன்றே, அலுவலகங்கள் மட்டும் வேறு வேறு.

கள்ளக்குறிச்சிப் பக்கம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993இல் தென்னார்க்காடு பிரிக்கப்பட்டபோது விழுப்புரத்துடன் சென்றது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதன்கீழ் வந்தது. பழங்குடியினர் பட்டியலில் இந்த எல்லைகளுக்குப் பொருள் உண்டு. தமிழ்நாட்டுக்கான பட்டியலில் மலையாளி என்னும் பெயருக்கு அருகே தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்கள் குறிக்கப்பட்டுள்ளன. ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் அதே மக்கள் அந்த அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கின்றனர். மாவட்டக் கோடு ஒரு குழந்தையின் கல்வி உதவித்தொகையைத் தீர்மானிக்கும் நாடு இது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். மாநில மக்கள்தொகையில் ஏறத்தாழ 1.1 விழுக்காடு. அவர்களுள் மிகப் பெரிய பிரிவு மலையாளிகள். எண்ணிக்கை மூன்றரை இலட்சத்துக்கும் மேல். மாநில எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்த அவ்வாண்டில் பழங்குடியினரின் எழுத்தறிவு 54 விழுக்காட்டளவிலேயே நின்றது.

பெயரும் தோற்றக்கதையும்

மலையாளி என்ற பெயரைக் கேட்டதும் கேரளத்தை நினைப்பவர்கள் இன்றும் உண்டு. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே அதன் பொருள். இவர்களின் தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூவர் வெளியேறி வந்ததாகவும், அவர்களின் வழியினரே சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை, கல்வராயன் எனப் பல மலைகளிலும் பரவியதாகவும் இவர்களிடையே தோற்றக்கதை வழங்குகிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளிலும் இக்கதை பதிவாகியிருக்கிறது. தம்மைக் காரைக்காட்டு வேளாளர் வழியினர் என்று சொல்லிக்கொள்வதும், பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று சேர்த்துக்கொள்வதும் இந்தக் கதையோடு வருபவை.

கரியராமன் இம்மலையின் முதன்மையான தெய்வம். பொங்கலையொட்டிய எருதாட்டம், மாப்பிள்ளை வீட்டார் தரும் பரிசம், கைம்பெண் மறுமணம், ஊரார் முன்னிலையில் தீர்த்துக்கொள்ளும் மணவிலக்கு ஆகியவை மலையாளிகளின் மரபில் இடம்பெற்றவை. சமவெளியின் ஆதிக்கச் சாதிகள் கைம்பெண்ணின் மறுமணத்தைப் பாவமென்று ஒதுக்கிய காலத்தில் இம்மக்களிடம் அது இயல்பான நடைமுறையாக இருந்தது. வரதட்சணை இன்று மலையேறிக்கொண்டிருப்பதை வளர்ச்சி என்று எவரும் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

தோற்றக்கதைக்கு இன்னொரு முகமும் உண்டு. வேளாளர் வழியினர் என்னும் உரிமைகோரல், சாதி ஏணியில் தமக்கும் மேற்படி ஒன்று வேண்டும் என்ற விழைவையும் சுமந்து நிற்கிறது. தலித் இயக்கத்தினர் இதை மூடிமறைக்கத் தேவையில்லை. பழங்குடி என்பதாலேயே ஒரு சமூகம் சாதி உணர்விலிருந்து விடுபட்டுவிடுவதில்லை. ஆனால் இந்தப் பெருமிதத்தின் விலையை இன்று கொடுப்பவர்களும் அவர்களேதான். தாத்தாவின் பழைய பத்திரத்தில் மலையாளக் கவுண்டர் என்று எழுதியிருந்தால், பேத்தியின் பழங்குடிச் சான்று விசாரணையில் அந்தச் சொல்லே முதல் கேள்வியாகிறது. மரியாதைக்காகச் சேர்த்த ஒரு சொல் மூன்று தலைமுறை கழித்து எதிர்ச்சாட்சியாக வந்து நிற்கிறது.

ஊர்க்கூட்டமும் சாகிரும்

ஊர்க்கவுண்டர், அவருக்கு மேல் நாட்டுத் தலைவர் என்று படிப்படியாக அமைந்தது இம்மலையின் மரபு நிர்வாகம். எல்லைத் தகராறு, மணமுறிவு, திருவிழா ஆகிய மூன்றும் ஊர்க்கூட்டத்தில் தீர்க்கப்பட்டன. அதற்கும் மேலே சாகிர்தார்கள் இருந்தனர். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்பார் பெயரால் தென்னார்க்காட்டுப் பக்கத்து மூன்று சாகிர்கள் அறியப்பட்டன. விசயநகர மன்னர் வழங்கிய உரிமை என்று அவர்கள் கூறிக்கொண்டனர். ஆங்கிலேய ஆட்சி அவர்களை அப்படியே விட்டுவைத்தது. மக்கள் வரி கொடுத்தனர்; கூலியின்றி உழைத்தனர்; உழுத நிலத்துக்குக் காகிதம் கேட்கும் இடத்தில் அவர்கள் இல்லை.

மரபுச் சமூகங்களின் தலைமையை ஒரே வாய்பாட்டில் அடக்க முடியாது என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உதவும். நைசீரியாவின் தென்கிழக்கில் வாழும் இக்போ மக்களிடம் பெரும்பாலும் மன்னர் இல்லை. ஊர்ச்சபை, மூத்தோர், பெண்கள் அமைப்பு ஆகியவை கூடிப் பேசியே முடிவெடுத்தன. ஆங்கிலேயர் ஆணைப் பத்திரம் கொடுத்துத் தலைவர்களை அவர்கள்மீது நட்டனர். 1929இல் வரி அச்சத்தால் திரண்ட பெண்கள் அத்தலைவர்களுக்கு எதிராகப் போராடினர். பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் அந்தத் தலைமை முறை கைவிடப்பட்டது. ஆயினும் மன்னரில்லாத அதே இக்போ சமூகத்துக்குள்தான் ஓசு என்னும் பிறப்புவழி ஒதுக்கலும் இருந்தது. 1956இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். திருமணப் பேச்சு வரும்போது அது இன்றும் தலைகாட்டுகிறது.

கல்வராயனில் நிலைமை சற்றே வேறு. இங்கே ஆண்டவர் வெளியார் அல்லர். அதே மொழி பேசியவர், அதே தெய்வத்தைக் கும்பிட்டவர். ஆகவே எதிர்ப்புக்குச் சொற்கள் கிடைப்பதே கடினமாக இருந்தது. நம்மவர் ஆட்சி என்பதனாலேயே அது நீதியான ஆட்சி ஆகிவிடாது என்பதும், சட்டத்தில் ஒழிந்தது வாழ்வில் ஒழிந்துவிடாது என்பதும் இவ்விரு வரலாறுகளும் சேர்ந்து சொல்லும் பாடங்கள்.

இனாம் எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரி முறைக்கு மாற்றும் தமிழ்நாட்டுச் சட்டம் 1963இல் வந்தது. ஆனால் கல்வராயன் மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது என்பதும், வாக்குரிமை 1996இல்தான் இம்மக்களின் கைக்கு வந்தது என்பதும் 2024ஆம் ஆண்டு வழக்கில் உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட செய்திகள். வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்று அரசமைப்பின் 326ஆம் உறுப்பு 1950இலேயே கூறிவிட்டது. காகிதத்தில் இருந்த உரிமை மலையேற இத்தனை ஆண்டுகள் ஆயிற்று.

பள்ளி குறித்த பேச்சு

வழக்குக் கட்டுகளோடு மலையேறுகையில் காதில் விழும் பேச்சுகளில் முதலிடம் பள்ளிக்குத்தான். மலைமக்கள் பிள்ளைகளைப் படிக்கவைக்க விரும்புவதில்லை என்பது சமவெளி அலுவலகங்களில் வழங்கும் கட்டுக்கதை. திண்ணைப் பேச்சு வேறுவிதமாக இருக்கிறது. பள்ளி வேண்டும், ஆனால் ஆசிரியர் திங்களன்று வந்து வெள்ளிவரை இருக்க வேண்டும். விடுதி வேண்டும், ஆனால் பெண்பிள்ளை தங்கும் விடுதியில் கதவுக்குத் தாழும் கழிப்பறைக்குத் தண்ணீரும் வேண்டும். இவற்றைக் கேட்பவர்கள் கல்வியை மறுப்பவர்கள் அல்லர். கல்வியின் தரத்தைக் கேட்பவர்கள்.

பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளும், வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளியும் இங்கு இயங்குகின்றன. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரை இத்தகைய பள்ளிகளே உருவாக்கின. எனினும் மூன்று இடங்களில் பிள்ளைகள் உதிர்கிறார்கள். முதலாவது, தொலைவு. கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் தொடக்கப்பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப்பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. காட்டாறு குறுக்கிடும் 3 கிலோமீட்டரும் சமவெளியின் 3 கிலோமீட்டரும் ஒன்றல்ல. இரண்டாவது, இடப்பெயர்வு. காப்பித் தோட்டம், செங்கற்சூளை, கட்டட வேலை என்று பெற்றோர் வெளிமாநிலம் செல்லும்போது இளைய பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் பள்ளியிலிருந்து நின்றுவிடுகிறாள். மூன்றாவது, சான்று.

பட்டியல் சாதியினருக்கான சான்றை வட்டாட்சியர் வழங்குகிறார். பழங்குடிச் சான்றை வழங்கும் அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியரிடம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்த மாணவிக்குக் கலந்தாய்வு நாள் நெருங்கும், விசாரணை முடிந்திருக்காது. தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டில் பழங்குடியினருக்குரியது 1 விழுக்காடு. அந்த ஒன்றையும் காகிதம் தாமதித்துத் தின்றுவிடுகிறது. விசாரணையில் கேட்கப்படும் கேள்விகள் இன்னும் விந்தையானவை: என்ன தெய்வம், என்ன சடங்கு, என்ன உடை. பட்டணத்து விடுதியில் தங்கிப் படித்த பெண்ணுக்கு எருதாட்டத்தின் முறைமை தெரியாவிட்டால் அவள் பழங்குடி அல்லளோ?

இதற்கு உச்ச நீதிமன்றம் விடை கூறியிருக்கிறது. நவீன வாழ்வும் பிற சமூகங்களுடனான தொடர்பும் மரபுக்கூறுகளை மாற்றிவிடும்; ஆகவே இனத்தொடர்புச் சோதனையை மட்டுமே உரைகல்லாகக் கொள்ள முடியாது என்று ஆனந்த் வழக்கில் (2011) கூறியது. மகாராட்டிர ஆதிவாசி தாகூர் சமூகத்தாரின் வழக்கில் 2023 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதையே உறுதிசெய்தது. சான்று மறுக்கப்படும் மாணவர் இவ்விரு தீர்ப்புகளையும் மேல்முறையீட்டு மனுவின் முதற்பக்கத்திலேயே காட்டலாம்.

நிலம், காடு, சாலை

சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை மலையின் பழைய பயிர்கள். இன்று பணப்பயிராக மரவள்ளி பெருகியிருக்கிறது. கிழங்கு ஆத்தூர், சேலம் பகுதி சேகோ ஆலைகளுக்குச் செல்கிறது. விலையை ஆலை தீர்மானிக்கிறது. காட்டிலிருந்து கடுக்காய், தேன், புளி. நிலத்துக்குப் பட்டா இல்லாதவருக்கு வங்கிக்கடன் இல்லை. கடனில்லாதவர் முன்பணம் தரும் தரகரிடம் செல்கிறார். தரகர் எங்கே அனுப்புகிறாரோ அங்கே வேலை. 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேரில் பலர் வடமாவட்ட மலைகளைச் சேர்ந்த பழங்குடியினர். பட்டா இல்லாமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

அதிகாரம் மலைக்குள் நுழையும் விதத்துக்கு வாச்சாத்தி நிரந்தரச் சான்று. கல்வராயனுக்கு மேற்கே, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள அந்த மலையாளி ஊருக்குள் 1992 ஜூனில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். 2011இல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த குற்றவாளிகள் 215 பேரையும் தண்டித்தது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. 31 ஆண்டுகள் அம்மக்கள் தம் சாட்சியத்தைக் கைவிடவில்லை.

வன உரிமைச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து வனநிலத்தை உழுதுவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு, உழுதுவரும் அளவுக்கு, 4 ஹெக்டேர்வரை உரிமை உண்டு. அந்த உரிமைப் பட்டயம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். விசாரணை முடியும்வரை எவரையும் வெளியேற்றக் கூடாது. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டின் இடைக்கால ஆணை ஒன்றால் பட்டயம் வழங்குவது தடைப்பட்டுக் கிடந்தது. உச்ச நீதிமன்றம் 2016இல்தான் அத்தடையை நீக்கியது. எட்டாண்டுகளில் எத்தனையோ மூத்தவர்கள் பட்டயத்தைக் காணாமலே கண்மூடினர்.

சாலை கேட்டால் காப்புக்காடு என்ற விடை வருகிறது. இதே சட்டத்தின் 3(2) பிரிவு சாலை, பள்ளி, மருத்துவமனை, குடிநீர்க் குழாய் உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்கும் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல் வெட்டிப் பயன்படுத்த வழிசெய்கிறது. அதற்கு முதல் தேவை கிராம சபையின் பரிந்துரை. நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிவரும் ஊரில் இப்படியொரு தீர்மானம் நிறைவேறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வாக்கும் அரசியலும்

தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். கல்வராயனின் கள்ளக்குறிச்சிப் பக்கம் சங்கராபுரம் என்னும் பொதுத்தொகுதியில் அடங்குகிறது. அங்கே மலையின் வாக்கு சமவெளியின் வாக்கில் கரைந்துவிடுகிறது. ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் அறிவிக்கப்படவில்லை. ஆகவே பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டமும் இங்கு செல்லாது.

திண்ணை அரசியல் இதையெல்லாம் தன் மொழியில் புரிந்துவைத்திருக்கிறது. கட்சிகள் தேர்தலுக்கு ஏறி வந்து இறங்கிவிடும். ஊராட்சித் தலைவர் மலையிலேயே இருப்பார், ஆகவே அந்தத் தேர்தலே முதன்மையானது என்பது பரவலான கருத்து. ஊர்க்கூட்டத்தில் பெண்கள் ஓரமாக நின்று கேட்டது மாறி, மகளிர் குழுக்களில் பழகிய பெண்கள் கிராம சபையில் எழுந்து கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். பழைய ஊர்க்கூட்டத்தின் கூடிப்பேசும் பழக்கம் நல்ல மரபு. பெண்ணை ஓரத்தில் நிறுத்தியது கெட்ட மரபு. முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதை விடுவதே சனநாயகம்.

மரபைச் சான்றாக்கும் வழி

இனச்சான்று விசாரணையில் மக்களுக்கு எதிராகத் திருப்பப்படும் அதே மரபு, வன உரிமைக் கோரிக்கையில் அவர்களின் பக்கம் நிற்கிறது. விதி 13 எவையெல்லாம் சான்று என்று பட்டியலிடுகிறது. மாவட்டக் கையேடு, மக்கள்தொகைக் கணக்கு போன்ற பொது ஆவணங்கள்; வீடு, வரப்பு, சமன்செய்த நிலம்; பழைய கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம்; முன்னோர் பெயர் நிலப்பதிவில் இருந்தால் அவர்வரை செல்லும் வம்சாவளி; அக்காலத்து இடைத்தரகு ஆட்சியாளர்களின் பதிவுகள்; மனுதாரர் அல்லாத மூத்தோர் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலம். சாகிர்தாரின் வரிச்சிட்டை இன்று அவர் குடியானவரின் பேரனுக்குச் சான்றாகும் என்பது வரலாற்றின் இனிய முரண். குறிப்பிட்ட ஒரு வகை ஆவணம்தான் வேண்டும் என்று அதிகாரிகள் பிடிவாதம் பிடிக்கக் கூடாது என 2012ஆம் ஆண்டின் திருத்த விதிகள் கூறுகின்றன.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. ஊர்தோறும் வன உரிமைக் குழு இருக்கிறதா, அதில் மூன்றில் இரு பங்கு பழங்குடியினரும் மூன்றில் ஒரு பங்கு பெண்களும் உள்ளனரா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மனுவுக்கும் பட்டியலிலிருந்து குறைந்தது இரண்டு சான்றுகளை இணைக்க வேண்டும். மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். பட்டயமுள்ள நிலத்தில் எவரேனும் குறுக்கிட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜி) பிரிவு பொருந்தும். வன உரிமையில் தலையிடுவதும் அதன்படி குற்றம்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு தனி வேலை இருக்கிறது. சாகிர் காலத்தைக் கண்ணால் கண்டு, 1976இல் இளைஞராக இருந்தவர்களுக்கு இன்று எழுபது வயதுக்கு மேல். எந்தச் சரிவை யார் உழுதார், எந்த மரத்தடியில் யாருடைய கல்லறை, எந்த ஆண்டு பஞ்சத்தில் எந்தக் கிணறு வெட்டினார்கள் என்பதெல்லாம் அவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அந்தப் பேச்சைக் கேட்டு, தேதியிட்டு எழுதி, சாட்சிகளின் கையொப்பமோ கைரேகையோ பெற்று, கிராம சபையின் பதிவேட்டில் சேர்த்தால் அது சட்டம் ஏற்கும் ஆவணம். சேர்க்காமல் விட்டால் அவர்களோடு அதுவும் புதைந்துவிடும்.

சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை தமிழ்நாட்டின் கிராம சபை நாட்கள். அடுத்த கிராம சபைக்கு முந்தைய வாரமே மலையேறுங்கள். கையில் ஒரு குறிப்பேடு போதும்.